ஆயிரத்தில் ஒன்றும் ஒரு டார்ச் லைட்டும்

ஸ்கூடாயில் எனக்கொரு நண்பர். செகண்ட் ஹேண்டில் ஒரு புரோட்டோன் சாகா வாங்கினார். நல்ல வண்டி. வாங்கிய வெள்ளிக்கிழமையே ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது? அடுத்த வாரம் ஸ்போர்ட் ரிம் மாட்டினார்.

ரிம் பெரிசானதும் பழைய டயர் சேரவில்லை. டயரை மாற்றினால் சக்கரம் மட்கார்டில் உரசியது. உரசலுக்காக சஸ்பென்ஷனை மாற்றினார். இவ்வளவு செய்தபிறகு பின்பக்கம் மொட்டையாக இருக்கிறதே என்று ஸ்பாய்லர் வைத்தார். "ஒரு எக்ஸாஸ்ட் மட்டும் போட்டுட்டா முடிஞ்சுதுல்ல?" என்று ஒர்க்‌ஷாப் போர்மேனிடம் கேட்டார். போர்மேன் பதில் சொல்லாமல் சிரித்தார். அவர் பிள்ளை பிரைவேட் காலேஜில் படிக்கிறான்.

இப்போது அந்த சாகா வேகத்தடையைக் கண்டால் நின்று, யோசித்து, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறது.

நான் சொல்ல வந்தது காரைப் பற்றி இல்லை. துப்பாக்கியைப் பற்றி. உடனே கதவைச் சாத்தாதீர்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு மலேசியாவில் பிடிபட்டால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 வருஷம் வரை ஜெயில், கூடவே குறைந்தது 6 பிரம்படி. நான் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கிறவன். அந்த ஆறும் என் தொழிலுக்குச் சரிப்பட்டு வராது. ஆகவே சரித்திரத்தில் கிடக்கும் துப்பாக்கிகளை மட்டும், தொடாமல், தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவோம்.

அதிலும் ஒரே ஒரு ரகம். லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். பேர் தெரியாமல் இருக்கலாம், ஆளைப் பார்த்திருப்பீர்கள். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் தோளில் சார்த்தியிருப்பாரே, அது. ஜெய்சங்கரைக் குதிரைமேல் ஏற்றி கர்ணன் எடுத்த படங்களில் வருமே, அதன் சொந்தக்காரன். டிரிக்கருக்குக் கீழே விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் 'சக்-சக்'. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே குதிக்கும், புதுத் தோட்டா உள்ளே போய் உட்காரும். சுடத் தெரியாதவன் கையில் இருந்தால்கூட அந்தச் சத்தத்துக்காகவே அவனை வீரன் என்று நம்பத் தோன்றும். உலகத்தில் பல பேர் அப்படித்தான் வீரர் ஆனார்கள்.

அவர்களில் முதல் ஆள் தியோடர் ரூஸ்வெல்ட். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. நோபல் சமாதானப் பரிசு வாங்கியவர். ரஷ்மோர் மலையில் முகம் செதுக்கப்பட்டவர். நாம் பார்க்கப் போவது அந்த மலைமுகம் கிடையாது. 1885இல் எடுத்த ஒரு போட்டோ.

போட்டோவில் 26 வயசு ரூஸ்வெல்ட் நிற்கிறார். குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும் மான்தோல் உடுப்பு. இடுப்பில் கத்தி. கையில் வின்செஸ்டர். கண்ணில் ஓநாய்ப் பார்வை. டகோட்டா காட்டிலிருந்து, கரடியைக் கொன்ற கையோடு வந்து நிற்கிறார் என்று தோன்றும். நிற்கும் இடம் நியூயார்க் நகரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. காலடியில் இருக்கும் புல் அந்த ஸ்டூடியோக்காரர் பரப்பியது. வேட்டைக் கத்தியைச் செய்து கொடுத்தது வெள்ளிச் சாமானுக்கும் வைரத்துக்கும் பேர்போன டிஃப்பனி கடை. நம்மூரில் ஜவுளிக்கடையின் பொம்மை அருவிக்கு முன்னால் நின்று குற்றாலம் போனதாகப் படம் எடுத்துக்கொள்கிறோமே, அதே டெக்னிக். காப்பிரைட் அவர்களுடையது.

இன்னொன்று. அந்தப் போட்டோவில் அவர் மூக்குக்கண்ணாடி இல்லை. மனுஷனுக்குக் கிட்டப்பார்வை. டகோட்டா கௌபாய்கள் அவரை 'நாலு கண்ணன்' என்றுதான் கூப்பிட்டார்கள். வீரனுக்குக் கண்ணாடி எடுப்பாக இருக்காது என்று கழற்றி வைத்துவிட்டார். அந்த ஓநாய்ப் பார்வையின் ரகசியம் புரிகிறதா? கேமரா எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்.

சிரிப்போம், ஆனால் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அதற்கு முந்தைய வருஷம் ஒரே நாளில், ஒரே வீட்டில், தாயையும் மனைவியையும் பறிகொடுத்த மனிதர் அவர். துக்கத்தை ஏமாற்ற சிலர் தாடி வளர்ப்பார்கள். இவர் மான்தோல் மாட்டினார்.

அந்தத் துப்பாக்கிக்கு வருவோம். 1876 மாடல் வின்செஸ்டர். கடையில் தொங்கியதை அப்படியே வாங்கி வந்துவிடவில்லை. பின்கட்டையைத் தன் தோளுக்கும் கைக்கும் ஏற்றபடி செய்யச் சொன்னார். குறி பார்க்கும் அமைப்பைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னார். இரும்பில் மிருகங்களைச் செதுக்கச் சொன்னார். பிறகு இதை ஒரு குறையாகச் சொல்லாமல், தன் வேட்டைப் புத்தகத்தில் பெருமையாகவே எழுதினார். அதாவது இன்றைக்குத் துப்பாக்கிப் பிரியர்கள் 'ஸ்டாக்', 'ஆப்டிக்ஸ்' என்று ராத்திரி பகலாகப் பேசுகிற சமாச்சாரம் 140 வருஷப் பழசு. என் ஸ்கூடாய் நண்பருக்கு இதைச் சொன்னேன். "ஸ்பாய்லர் வச்சாரா?" என்றார்.

சரி, இந்த வின்செஸ்டர் யார்? பெரிய பட்டாளத்துக்காரரோ, கருமார் பரம்பரையோ என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஆலிவர் வின்செஸ்டர் சட்டை வியாபாரி! அமெரிக்காவில் நியூஹேவன் என்ற ஊரில் ஆம்பளைச் சட்டை தைத்து விற்றவர். 1848இல் ஒரு பேட்டண்ட்கூட வாங்கினார். துப்பாக்கிக்கு அல்ல. சட்டை கழுத்தைப் பிடித்து இழுக்காமல் தோளில் சரியாக உட்காருகிற மாதிரி வெட்டும் முறைக்கு!

சட்டையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, நொடித்துக் கிடந்த ஒரு துப்பாக்கிக் கம்பெனியை 1857இல் வாங்கினார். மூளை அவருடையதல்ல. 1860இல் வந்த பிரசித்தமான ரைஃபிளை வடிவமைத்தவர் அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி. அதனால் அதற்கு ஹென்றி ரைஃபிள் என்று பேர். பிறகு இருவருக்கும் மனஸ்தாபம். 1866இல் கம்பெனிப் பலகையில் முதலாளி பேர் ஏறியது. 1886, 1892, 1894, 1895 என்று வரிசையாக வந்து குவிந்த மாடல்களை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங் என்ற இன்னொருவர். அவற்றின் இரும்பிலும் வின்செஸ்டர் பேர்தான். சமையல்காரர் மாறிக்கொண்டே இருந்தார், ஹோட்டல் போர்டு மாறவில்லை.

ஆனால் சட்டைக்காரருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. தோளில் எது உட்கார்ந்தாலும் அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கவேண்டும், இருந்தால் காசு கூடக் கேட்கலாம்.

கேட்டார்கள். 1873 மாடலுக்குத் தொழிற்சாலையில் ஒவ்வொரு குழலையும் சுட்டுப் பார்த்தார்கள். எது அதிசயமாகக் குறி தப்பாமல் சுட்டதோ, அதைத் தனியே எடுத்து, மெருகேற்றி, மேலே ஒரு பட்டம் செதுக்கி 100 டாலர் விலை வைத்தார்கள். அந்தப் பட்டம் என்ன தெரியுமா? 'ஆயிரத்தில் ஒன்று'.

ஆமாம் சார், நம்ம வாத்தியார் எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்குச் சுமார் 90 வருஷம் முன்னாலேயே! கத்திச் சண்டை மட்டும்தான் இல்லை.

அதற்கு ஒரு படி கீழே 'நூற்றில் ஒன்று' என்று இன்னொன்று. பிளாட்டினம் கார்டு, கோல்டு கார்டு கணக்கு. ஆனால் ஒரு சங்கடம். 'இது ஆயிரத்தில் ஒன்று' என்று சொன்னால், புத்திசாலி வாடிக்கையாளர் உடனே கேட்பார்: "அப்ப மிச்சம் 999 எப்படி?" 1873 மாடலில் அந்தப் பட்டம் வாங்கியவை மொத்தம் நூற்று முப்பது சொச்சம்தான். அதற்குள் கம்பெனிக்கே ஞானம் பிறந்து, பட்டமளிப்பு விழாவை நிறுத்திவிட்டது. தன் கடையில் ஒரு தோசையை மட்டும் 'நல்ல தோசை' என்று போர்டு எழுதிப் போட்டவர் கதி.

இனி கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இந்த ரகத் துப்பாக்கியில் தொலைநோக்கி மாட்டுகிற கதை இருக்கிறதே, அது என் நண்பரின் சாகா கதையேதான்.

1894 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சம் லட்சமாக விற்றது. ஒரே ஒரு பழக்கம், சுட்டதும் காலிக் கூட்டை நேர் மேலே துப்பும். இரும்புக் குறிமுள்ளைப் பார்த்துச் சுட்ட தாத்தாக்களுக்கு அது தொந்தரவே இல்லை. பேரன் வந்தான். எல்லோரும் ஸ்கோப் போடுகிறார்கள், நானும் போடுவேன் என்று தலைக்கு மேல் மாட்டினான். சக்-சக். மேலே துள்ளிய கூடு ஸ்கோப்பின் அடிவயிற்றில் முட்டித் திரும்பித் துப்பாக்கிக்குள்ளேயே விழுந்தது.

விடுவானா? ஸ்கோப்பை இடப்பக்கம் ஒதுக்கி மாட்டினான். இப்போது கூடு தாராளமாகப் பறந்தது. ஆனால் தலையைச் சாய்த்தால்தான் ஸ்கோப்பில் கண் பொருந்தும். தலை சாய்ந்தால் கன்னம் கட்டையை விட்டு விலகிவிடும். கன்னம் கட்டையில் பதியாவிட்டால் குறி நிற்காது. பக்கவாட்டுக்குப் பரிகாரம் சொல்லலாம் என்றால், உயரத்திலும் தகராறு. அந்தக் காலத்துப் பின்கட்டை, தாழ்வான குறிமுள்ளுக்காக நன்றாகக் கீழே இறங்கி வளைந்திருக்கும். உயரமான ஸ்கோப்பில் பார்க்கக் கழுத்தை நீட்டினால் கன்னம் அந்தரத்தில் தொங்கும். அதற்காகக் கட்டைமேல் தோலில் ஒரு மெத்தை தைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். மெத்தையில் இடம் இருக்கிறதே என்று தோட்டா செருக வரிசையாகக் காது வைத்தான். மொத்தமும் கனத்ததால் தோளில் மாட்ட வார் வாங்கினான். கையில் லேசாகத் தூக்கிக்கொண்டு காட்டில் திரிவதற்கென்றே பிறந்த துப்பாக்கி, கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி ஆனது.

இதிலே பெரிய வேடிக்கை. போட்டிக் கம்பெனியான மார்லின், 1889லேயே கூட்டைப் பக்கவாட்டில் துப்புகிற மாதிரி செய்துவிட்டது. தலைக்குமேல் ஸ்கோப்பை ஜம்மென்று உட்கார வைக்கலாம். இதைப் பார்த்து வின்செஸ்டர் கம்பெனி தன் 1894 மாடலைக் கொஞ்சம் சாய்வாகத் துப்ப வைத்தது. எப்போது? 1980களில். கிட்டத்தட்ட 90 வருஷம்! மாமியார் மருமகள் மௌனவிரதம்கூட அவ்வளவு காலம் நீடித்ததாகக் கேள்வியில்லை.

மாற்றி மாற்றி அமைக்கிற இந்த வியாதி அந்தக் குடும்பத்தில் ரத்தத்திலேயே இருந்திருக்கவேண்டும். தப்பு, ரத்த சம்பந்தம் இல்லாத மருமகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆலிவரின் மருமகள் சாரா வின்செஸ்டர், கணவரும் மாமனாரும் போனபின் கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் 1886 வாக்கில் ஒரு பண்ணைவீடு வாங்கினார். அதை எக்ஸ்டென்ஷன் பண்ண ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் பண்ணிக்கொண்டே இருந்தார். மொத்தம் 160 அறை. கூரையில் போய் முட்டி நிற்கும் படிக்கட்டு. திறந்தால் சுவர் தெரியும் கதவு.

வின்செஸ்டர் தோட்டாவுக்குப் பலியான ஆவிகளை ஏமாற்றத்தான் அப்படிக் கட்டினார் என்பது ஊர்க்கதை. டிக்கெட் விற்பனைக்கு மிகவும் உதவிய கதை. 1906 நிலநடுக்கத்தில் மேல்மாடிகள் சரிந்தன, சரிந்ததை எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே அடைத்தார்கள் என்பது உப்புச் சப்பில்லாத உண்மை. ஆவியெல்லாம் எதற்கு? ஜொகூரில் எந்த டாமான் குடியிருப்பிலும் வரிசைவீட்டுக்காரரைக் கேளுங்கள். கிச்சனை ஆறடி தள்ளிக் கட்டியவர், கட்டி முடித்தேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ரூஸ்வெல்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தோம். ஜனாதிபதி பதவி முடிந்ததும் 1909இல் மகன் கெர்மிட்டோடு ஆப்பிரிக்கா போனார். சிங்கத்துக்கென்றே 1895 மாடல் வின்செஸ்டர், .405 தோட்டா ரகம் கொண்டுபோனார். அப்பாவும் பிள்ளையுமாகச் சுட்டது 512 மிருகம். எல்லாம் மியூசியத்துக்காக, விஞ்ஞானத்துக்காக என்றார். விஞ்ஞானம் அவ்வளவு கேட்டதா என்று யாரும் விஞ்ஞானத்தை விசாரிக்கவில்லை.

அந்தப் பயணத்தில் அவருடைய உண்மையான ஆப்டிக்ஸ் துப்பாக்கிமேல் இல்லை, மூக்குமேல் இருந்தது. ஒரு கண்ணில் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. வெள்ளை மாளிகையில் குத்துச்சண்டை பழகியபோது வாங்கிய குத்து. மிச்சக் கண்ணுக்குக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்று உபரி ஜோடிகளை மூட்டையாகக் கொண்டுபோனார். ஸ்டூடியோவில் வெட்கப்பட்டுக் கழற்றிய அதே சாமான்!

அந்தக் கண்ணாடி நன்றி மறக்கவில்லை. 1912 அக்டோபர் 14, மில்வாக்கி நகரம். தேர்தல் கூட்டத்துக்குக் கிளம்பியவரை ஒருவன் நெஞ்சில் சுட்டான். கோட்டுப் பையில் இரண்டு பொருள்: இரண்டாக மடித்த 50 பக்கப் பேச்சு, கண்ணாடி வைக்கும் இரும்புக் கூடு. குண்டு இரண்டையும் துளைத்து வேகம் குறைந்து, நெஞ்சுக்குள் ஆழமாகப் போகாமல் நின்றது. ஆஸ்பத்திரி காத்திருக்க, ரத்தம் வழிய மேடை ஏறி ஒன்றரை மணி நேரம் பேசினார்! நம் அரசியல்வாதிகளுக்கு ஒரே வேண்டுகோள்: இந்தச் சம்பவத்தைக் காட்டி நீளமான பேச்சு உயிர் காக்கும் என்று வாதாட வேண்டாம். காப்பாற்றியதில் கண்ணாடிக்கும் பங்குண்டு.

இப்போது கடலைத் தாண்டி நம்மூருக்கு வருவோம். அடக்க ஒடுக்கமாக வருவோம். நான் இங்கே குடியிருப்பவன், தொடர்ந்து குடியிருக்க ஆசைப்படுபவன். சொல்வதெல்லாம் லண்டன் கோர்ட்டு ரெக்கார்டில் உள்ளது.

நவீன ஜொகூரின் தந்தை சுல்தான் அபு பக்கார். இஸ்தானா பெசார் அரண்மனையை 1866இல் எழுப்பியவர். விக்டோரியா மகாராணியோடு சரிசமமாக உட்கார்ந்து பேசியவர். வெள்ளைக்காரனை வெள்ளைக்காரன் பாஷையிலேயே சமாளித்த சாமர்த்தியசாலி. அவரும் ஒன்றை 'மோடிஃபை' பண்ணினார். துப்பாக்கியை அல்ல, பெயரை. இங்கிலாந்தில் உலாவ அவர் வைத்துக்கொண்ட பேர் ஆல்பர்ட் பேக்கர். அபு பக்கார், ஆல்பர்ட் பேக்கர். எஞ்சின் அதே, ஸ்டிக்கர் மட்டும் வேறு.

ஜென்னி மிகெல் என்ற பெண்மணி கோர்ட்டுக்குப் போனார். 1885இல் மிஸ்டர் பேக்கர் என்னைக் கட்டிக்கொள்வதாக வாக்களித்தார், ஏமாற்றிவிட்டார் என்று வழக்கு. லண்டன் நீதிபதிகள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில், ஜொகூர் மன்னர் தனியரசர், எந்தப் பேரில் திரிந்தாலும் அரசர் அரசர்தான், அவர்மேல் இங்கே வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பு. 1894 சட்ட அறிக்கையில் அச்சான அந்த வழக்கைச் சட்டக்கல்லூரிப் பிள்ளைகள் பரம்பரை பரம்பரையாகப் படித்தார்கள். பாடிகிட் எதை மாட்டினாலும் சேஸிஸ் நம்பர் மாறாது என்பது அதன் சாரம். மிஸ் மிகெலுக்கு மட்டும் சாரமும் இல்லை, சக்கையும் இல்லை.

அபு பக்காரின் மகன் சுல்தான் இப்ராகிம் 1895 முதல் 1959 வரை, கிட்டத்தட்ட 64 வருஷம் ஆண்டார். பெரிய வேட்டைக்காரர். இஸ்தானா பெசாரை மியூசியமாகத் திறந்தபின் வேட்டை அறையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பாடம் பண்ணிய புலிகள் ஒருபக்கம். யானைக் காலில் செய்த குடை ஸ்டாண்ட் இன்னொரு பக்கம். நியாயமாகப் பார்த்தால் குடை வைக்க மூலையே போதும். யானை நாலு காலோடு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் வேட்டை என்பதே பாதி காட்டில் நடப்பது, மீதி வரவேற்பறையில் நடப்பது.

இந்த இரண்டாம் பாதியில் கில்லாடி, சுல்தானின் அமெரிக்க சிநேகிதர் ஃபிராங்க் பக். மிருகங்களைச் சுடாமல் உயிரோடு பிடித்துக் கப்பலேற்றி விற்றவர். 1930இல் புத்தகம், 1932இல் சினிமா. ஜொகூர் புலி ஒன்றைப் பிடித்த கதை அதில் பிரசித்தம். ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர் ஒருவரைப் புலி அடித்ததில் அந்தக் கதை தொடங்குகிறது. சினிமாவில் புலியும் மலைப்பாம்பும் கட்டிப் புரண்டதை அமெரிக்காவே வாயைப் பிளந்து பார்த்தது. காட்டில் தற்செயலாக நடந்த சண்டை அது என்று நம்பினார்கள். புலிக்கும் பாம்புக்கும் கால்ஷீட் வாங்கிக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

உண்மையில் புலி வந்து நிற்கும்போது என்ன உடுப்பு, என்ன துப்பாக்கி என்று பார்க்க நேரம் இருக்காது. 1902 ஆகஸ்டில், பாலத்துக்கு அந்தப் பக்கம் (அப்போது பாலமே இல்லை) சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட் ரூமுக்கு அடியில் ஒரு புலி பதுங்கியது. பக்கத்தில் நடந்த காட்சியிலிருந்து தப்பி வந்த புலி. யாரைக் கூப்பிட்டார்கள்? ராஃபிள்ஸ் இன்ஸ்டிட்யூஷன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பிலிப்ஸை. முந்தின ராத்திரி கவர்னர் மாளிகையில் நடன விருந்து முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மனுஷன், பைஜாமாவோடு வந்தார். முதலில் சுட்ட குண்டுகள் கட்டடத்துத் தூண்களில் பட்டன. பிறகு ஒன்று புலியின்மேல் பட்டது. சிங்கப்பூர் சரித்திரத்தின் மிகப் பிரபலமான புலிவேட்டை நடந்தது இப்படித்தான். மான்தோல் இல்லை, டிஃப்பனி கத்தி இல்லை. தூக்கக் கலக்கம் மட்டும் இருந்தது.

ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு வைத்திருந்த அதே 1895 மாடல், அதே .405 வின்செஸ்டர், நம் தமிழ்நாட்டிலும் சுற்றியது தெரியுமா? ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில். கையில் வைத்திருந்தவர் கென்னத் ஆண்டர்சன். ஸ்காட்லாந்து வம்சாவளி, பெங்களூர்க்காரர், விமானத் தொழிற்சாலை உத்தியோகம். சனி ஞாயிறு வந்தால் ஆட்கொல்லிப் புலி. நாம் ஒரு காலத்தில் சனி ஞாயிறு ஷாப்பிங்குக்கு ஜுஸ்கோ போன மாதிரி.

ராத்திரியில் பரண்மேல் உட்கார்ந்து புலிக்குக் காத்திருக்க அவர் மாட்டியிருந்த ஆப்டிக்ஸ் என்ன என்று கேளுங்கள். ஜெர்மன் லென்ஸா? ஒரு டார்ச் லைட்! துப்பாக்கிக் குழலோடு சேர்த்துப் பொருத்தியிருந்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கவேண்டியது, இரண்டு கண் பளிச்சிட்டால் சுடவேண்டியது. ரூஸ்வெல்ட்டின் செதுக்கு வேலைப்பாட்டுக் கனவெல்லாம் அஞ்செட்டிக்கு வந்து சேரும்போது பேட்டரிக் கட்டையாகிவிட்டது.

1954இல் வந்த அவர் முதல் புத்தகத்தில் ஒன்பது ஆட்கொல்லிகள், ஒரு முரட்டு யானை. அவர் எழுதியதில் எவ்வளவு காடு, எவ்வளவு கற்பனை என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்க்கட்டும். பரண்மேல் கொசுக்கடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்த ஆளுக்கு இரண்டடி புலியை மூன்றடி ஆக்கிக்கொள்ளும் சலுகையாவது உண்டு. அதைவிட, தனக்குக் காடு சொல்லிக்கொடுத்த பைரா பூசாரியைப் பேர் சொல்லி, மரியாதையோடு புத்தகத்தில் உட்கார வைத்தார் அல்லவா? அந்தக் காலத்துத் துரைமார்களில் அது ஆயிரத்தில் ஒன்று.

டார்ச் என்றதும் எனக்கு வேறொரு வெளிச்சம் ஞாபகம் வருகிறது. குளுவாங், சிகாமட், லாபிஸ், கோத்தா திங்கி என்று ஜொகூர் முழுக்கப் பால்மரக் காடாக இருந்த காலத்தில், விடிவதற்கு முன்னால் ஆஜர் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நம் ஆட்கள் மர நிரைக்குள் நுழைவார்கள். ஆண்டர்சன் மாதிரியே இருட்டு. அதே மாதிரியே வெளிச்சம். கையில் மட்டும் துப்பாக்கிக்குப் பதிலாக மரம் வெட்டுகிற கத்தி. அதுவும் புலியை அல்ல, பட்டையைச் சீவ.

மலாய்க்காரர்கள் காட்டில் புலியைப் பேர் சொல்லமாட்டார்கள், 'பாக் பெலாங்', வரிபோட்ட பெரியவர் என்பார்கள். ராத்திரியில் பாம்பைக் 'கயிறு' என்கிற நமக்கு இது புரியாமல் போகுமா? பெரியவர் எதிரே வந்தால் வணங்கி வழிவிடுவதுதான் அங்கே ஒரே டெக்னிக். இப்படி வருஷக்கணக்கில் பால்மரக் காட்டுக்குப் போய்வந்த நம் பாட்டிகள் யாரும் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்த ஒரே போட்டோ நீல ஐசி அடையாள அட்டைக்காக. அதிலும் கண் மூடியிருக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. 1950களில் மலாயாக் காடுகளில் 3,000 புலி இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் தீபகற்பம் முழுவதற்கும் 150க்கும் குறைவு. இத்தனை வின்செஸ்டர், இத்தனை சுல்தான், இத்தனை துரைமார் சேர்ந்து முடிக்காத வேலையை இப்போது பெருமளவு முடித்துக்கொண்டிருப்பது எது என்று தெரியுமா? கம்பிச் சுருக்கு. ஒரு முழம் கம்பி, ஒரு முடிச்சு. பின்கட்டை இல்லை, ஸ்கோப் இல்லை, சத்தம்கூட இல்லை. பழைய வேட்டைக்காரனாவது போட்டோவுக்கு நின்றான். கம்பி வைக்கிறவன் நிற்பதே இல்லை.

ஆனால் ஜொகூர்க்காரன் புலிக்குப் பஞ்சம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலி. மேபேங்க் வாசலில் ஒரு புலி. ஃபுட்பால் டீம் ஜேடிடிக்குத் 'தெற்குப் புலிகள்' என்று செல்லப் பேர். என் ஸ்கூடாய் நண்பரின் சாகா முகப்பிலும், புரோட்டோன் கம்பெனி வைத்த புலித்தலை ஒன்று இருந்தது.

போன வாரம்தான் அதைக் கழற்றிவிட்டு வேறு லோகோ மாட்டினார்.